பக்கத்து வயலில் ஆளில்லை

நீலாம்பாளுக்கு வாயே கிடையாது என்று திருவாரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். வாய் இருந்தது, அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. மீரா உசேன் பாயின் பிரவுசிங் சென்டரில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகள், வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்க வருகிறவர்கள், பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுகிற சிங்கப்பூர் ஆசைக்காரர்கள் என்று எல்லார் சமாச்சாரமும் அவள் விரல் வழியாகத்தான் போகும். யார் எதில் பெயில், யாருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் கார்டில் வேறொரு பிறந்த தேதி, எல்லாம் தெரியும். ஒரு சொல் வெளியே வராது.

"இந்தப் புள்ளைய அடிச்சுக் கேட்டாலும் சொல்லாது. களவாணிக்குப் பொறந்திருக்க வேண்டியது, தப்பி என் கடைக்கு வந்துருச்சு" என்பார் பாய், டீயை உறிஞ்சிக்கொண்டே.

களவாணிக்குப் பிறக்கவில்லை. கடைமடையில் பிறந்தாள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கீழ்க்கரைமேடு என்கிற ஊர். மேட்டூரில் திறந்த தண்ணீர், வழியில் உள்ள அத்தனை ஊரும் குடித்து, குளித்து, நாற்றங்கால் நனைத்து முடித்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் வந்து சேர்கிற இடம். இருபது நாள் கழித்து வரும். சில வருஷம் வராது. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டினால் யாரும் சத்தம் போடக் கூடாது. "தண்ணி வந்துருச்சு" என்று ஒருத்தன் கூவினால் போதும், மேலே இருக்கிறவன் பலகையைப் போட்டு அடைத்துவிடுவான். பார்த்தவன் வாயைப் பொத்திக்கொள்வான். பிறந்ததிலிருந்து நீலாம்பாளுக்கு இது பழக்கம். தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வயசில் கூட அவள் சந்தோஷத்தை விழுங்கித்தான் பழகினாள்.

அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. அதை அவள் மறந்துபோனாள். அவள்மேல் கோபம் வருகிற இடம் அதுதான், அதற்குப் பிறகு வருவோம்.

அவளுடைய தம்பி அரசப்பன். தாத்தா பெயர் வைத்த பாவத்துக்குப் பாலிடெக்னிக்கில் அவனை 'அரசு' என்று சுருக்கி, பிறகு 'கவர்மென்ட்' என்று கேலி பண்ணினார்கள். அக்காவைக் கூட்டிப்போக சாயங்காலம் சென்டருக்கு வருவான், கடை மூடும்வரை ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காருவான். அங்கேதான் இருவருக்கும் 'ஏழூர்' பழக்கமானது.

ஏழூர் ஒரு விளையாட்டு. எந்த நாட்டுக் கம்பெனியோ நடத்தியது, உலகெங்கும் இருந்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போய் விளையாடலாம். நுழைந்ததும் உங்களுக்கு ஒரு வயல் தருவார்கள், எண் போட்டு. விதைக்கலாம், அறுக்கலாம், கொள்ளைக்காரன் வந்தால் அடிக்கலாம். நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போன பிறகும் உங்கள் உருவம் வரப்பில் காவலுக்கு நிற்கும். அது பேச மூன்று வாசகம் எழுதி வைக்கலாம். தெரிந்தவர் வந்தால் ஒன்று, திருடன் வந்தால் ஒன்று, பக்கத்து வயலில் ஆள் இல்லாமல் போனால் ஒன்று. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சட்டம் மட்டும் அரசப்பனுக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூறு நாள் அறுவடை இல்லாமல் ஒரு வயல் கிடந்தால், வயலும் போய்விடும், வரப்பில் நின்ற ஆளும் அழிந்துபோவான். 'அரண்மனைக்குச் சேர்ந்தது' என்று பலகை மாட்டிவிடுவார்கள்.

"இங்கயுமாடா!" என்றான் அதைப் படித்த அன்று, திரையைப் பார்த்து.

ஏன் சொன்னான் என்றால், அவர்கள் அப்பா நல்லக்கண்ணு ஆறு மா நிலம் குத்தகைக்கு உழுதவர். கூலிப் போராட்டத்தில் பிடித்துக்கொண்டு போய்த் திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். அவர் திரும்புவதற்குள் அந்தச் சம்பா நடவு தவறிப்போனது. ஒரு போகம் தரிசு. அடங்கல் பதிவேட்டில் சாகுபடிக்காரர் பெயர் மாறியிருந்தது. நிலத்துக்காரர் அமிர்தலிங்கம் கையை விரித்தார். தாசில்தார் ஆபீசுக்கு ஒன்பது வருஷம் நடந்தார் நல்லக்கண்ணு. ஆட்சி மாறும், சுவரில் வண்ணம் மாறும், கொடி மாறும், மனு மட்டும் மாறவில்லை. ஜமாபந்தி ஜமாபந்தியாக அதே மனு. நடந்து நடந்தே போய்ச் சேர்ந்தார்.

இந்த ஏழூரின் பூட்டுகளை உடைக்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. பெயர் 'மடை'. நாற்பது பேர் இருப்பார்கள், அத்தனையும் தமிழ்ப் பையன்கள், பாதிப் பேர் வளைகுடாவில். நீலாம்பாள் அதில் 'கடைமடை' என்ற பெயரில் இருந்தாள். அவளை ஆண் என்று நினைத்து எல்லாரும் 'அண்ணே', 'தல' என்று கூப்பிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. அங்கே ஓயாத சண்டை ஒன்றுதான். கண்டுபிடித்த ஓட்டையை எல்லாருக்கும் சொல்வதா, பொத்தி வைப்பதா?

குழுவின் பெரியதனக்காரர் பஞ்சநதம். கும்பகோணத்துக்காரர், துபாயில் ஏசி மெக்கானிக்.

"வெளில விட்டா மூணே நாள்ல கம்பெனிக்காரன் அடைச்சுருவான். பொத்தி வெச்சா மூணு வருஷம் ஓடும். எது வேணும் சொல்லுங்கப்பா" என்பார்.

"எல்லாரும் பொத்தியே வெச்சா குரூப் எதுக்குண்ணே? பஜனை பாடவா?" என்று எவனாவது எகிறுவான்.

எகிறினவர்கள் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் நாலு பேர் பாராட்டுவார்கள் என்று ஒரு ஓட்டையைப் பகிரங்கமாக எழுதிப் போட்டான். இரண்டு நாளில் ஊரே கூடிக் கொள்ளையடித்தது. மூன்றாம் நாள் கம்பெனி ஓட்டையை அடைத்து, பதினோரு பேரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. அதன்பிறகு 'மடை'யில் எவனும் எவனையும் நம்புவதில்லை.

இப்படி இருக்கையில், இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் மாசி மாசத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அப்போதெல்லாம் அது தினசரிப் பூசை. கடையில் பாய் இல்லை, வாடிக்கையாளர் இல்லை. அரசப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்தான்.

"அக்கா, தண்ணி வந்துருக்கு" என்றான் மெதுவாக.

அவளுக்குப் புரிந்தது. சத்தம் போடாமல் தலையை ஆட்டினாள்.

ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான். அறுவடை செய்தால் நம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. அதில் வயல் எண் இருக்கிறது. அனுப்பியவன் அந்த வயலுக்கு உரியவன்தானா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. சீட்டை வழியில் நிறுத்தி, நம் எண்ணை அழித்துவிட்டு இன்னொருவர் எண்ணை எழுதி அனுப்பினால், அந்த இன்னொருவர் வயலில் அறுவடை நடந்ததாகப் பதிவாகும். வயல் பிழைத்துவிடும். வெளியே தெரிந்தால், விளைந்த வயலையெல்லாம் திருடர்கள் மொட்டை அடித்துவிடுவார்கள், கம்பெனியும் உடனே அடைத்துவிடும்.

"யார் வயலுக்குடா இத்தனை பாடு?"

"சொல்றேன் ஒரு நாளைக்கு."

மாசத்தில் ஒரு சனிக்கிழமை அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போய் வந்துகொண்டிருந்தான். "கடலோரத்துல பொண்ணு பாத்துட்டியாடா கவர்மென்ட்டு?" என்று சீண்டினாள். சிரித்தான். அந்த ஒரு நாள் வரவே இல்லை.

ஐப்பசியில் அடைமழை. அமிர்தலிங்கம் வயலில் உடைந்த வரப்பை அடைக்கக் கூலிக்குப் போனான் அரசப்பன். அவன் அப்பா உழுத அதே ஆறு மா. இடி விழுந்தது. பக்கத்தில் நின்ற நாலு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு இருபத்தோரு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீலாம்பாள் வேலைக்கு வந்தாள். அதுவரை அவள் அழவில்லை. 'பொண்ணுக்கு நெஞ்சு கல்லு' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரைப் போட்டாள், ஏழூருக்குள் போனாள். 4470ஆம் வயலின் வரப்பில், கிழிந்த பனையோலைத் தொப்பியோடு, அவன் நின்றுகொண்டிருந்தான். கிட்டே போனாள். தலைக்கு மேல் எழுத்து வந்தது.

'அக்கா, சாப்டியா?'

கீபோர்டின் மேல் கவிழ்ந்து அழுதாள். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் போனாள். காலையில் ஒரு தடவை, கடை மூடும்போது ஒரு தடவை. 'அக்கா, சாப்டியா?' "சாப்டேன்டா" என்பாள் வாய்க்குள். சாப்பிடாத நாளில் பொய் சொல்ல முடியாமல், போய் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு வந்து உட்காருவாள். ஒருநாள் அம்மா ராசம்மாளைக் கூட்டிவந்து காட்டினாள். ராசம்மாள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நிக்கிறானேடி. கூப்புடு."

"கூப்புட்டா அவனுக்குக் கேக்காதும்மா."

"அவன் பேசுறது நமக்குக் கேக்குதுல்ல. போதும்."

அதன்பிறகு தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பாள்: "தம்பி இன்னைக்கு என்ன சொன்னான்?"

தொண்ணூறு நாள் கெடு முடிவதற்கு வெகு முன்னாலேயே, கார்த்திகையில், தம்பியின் பாஸ்வேர்டு தெரியாத நீலாம்பாள் தன் வயல் சீட்டை நிறுத்தினாள், எண்ணை மாற்றினாள், அனுப்பினாள். '4470: அறுவடை நடந்தது' என்று வந்தது. தம்பிக்கு இன்னொரு தொண்ணூறு நாள். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அவள் அப்போது உயிரோடு இருந்தாள் என்றால் மிகையில்லை.

அரசப்பனுக்குப் பக்கத்து வயல் 4471. அங்கே சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் எப்போதும் நிற்பான், இவனைப் பார்த்த மாதிரி. பெயர் 'கடல்ராசா'. யாரோ. அவள் அதற்குமேல் யோசித்ததில்லை.

போகிப் பண்டிகை அன்று 'மடை'யில் புது ஆள் ஒருவர் எழுதியிருந்தார்.

'ஒரு அம்மா எழுதுகிறேன். என் மகன் இந்த விளையாட்டில் கடல்ராசா. வயல் 4471. அவன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் பதினோரு நாளில் வயல் போய்விடும் என்று காட்டுகிறது. அவன் நிற்பதைத் தினம் பார்ப்பேன். இதற்கு வழி தெரிந்தவர் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவு செய்யுங்கள்.'

நீலாம்பாள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

பஞ்சநதம் கொதித்துவிட்டார். 'கேள்விப்பட்டீங்களா? யார் சொன்னது? பேரைச் சொல்லுங்க' என்று எழுதினார். அந்த அம்மாள் பெயர் சொல்லவில்லை. 'சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்' என்று மட்டும் பதில் வந்தது. போதாதா? 'கம்பெனி ஆளு', 'தூண்டில் போடுறான்', 'செத்த புள்ள கதையெல்லாம் பழைய டெக்னிக்கு தல' என்று வரிசையாக விழுந்தன. 'அண்ணே, கடைமடை அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?' என்று ஒருவன் அவளைக் கேட்டான்.

கடைமடை அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு அந்த அம்மாள் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அதுதான் கொடுமை. அந்த எழுத்தில் இருந்த பசி அவளுக்குத் தெரிந்த பசி. ஆனால் பயம். அடுத்தடுத்து இரண்டு வயல், இரண்டிலும் ஆளே நுழையாமல் அறுவடை நடக்கிறது என்றால் கம்பெனிக்காரன் கண்ணில் படாதா? அந்த வரிசையை ஒருத்தன் நோண்டிப் பார்த்தால் தம்பி போய்விடுவானே. முதல் நாள் 'அம்மா, கவலைப்படாதீங்க' என்று அடித்தாள், அழித்தாள். ஐந்தாம் நாளும் அடித்தாள், அழித்தாள். சீட்டில் ஒரு எண்ணை மாற்ற அரை நிமிஷம் ஆகும். யாருக்கும் சொல்லாமலேயே செய்திருக்கலாம். செய்யவில்லை. தம்பி, தம்பி, தம்பி. வேறெதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் இன்னொரு வரி எழுதியிருந்தாள்: 'யாரும் இல்லையா?' அதைப் பார்த்ததும் நீலாம்பாள் குழுவின் பக்கத்தை மூடிவிட்டு, யாருக்கோ சாதிச் சான்றிதழ் ஸ்கேன் பண்ணப் போய்விட்டாள். மனுஷிதானா இவள் என்று கேட்கத் தோன்றும். மனுஷிதான்.

பதினோராம் நாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பகல் பன்னிரண்டு அடித்தது. சிவப்புத் தொப்பிக்காரன் நின்ற இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். பலகை வந்தது. வயலில் புல் முளைத்தது.

'தம்பி தப்பிச்சான்' என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சை இழுப்பதற்குள் அரசப்பன் திரும்பினான்.

அவன் திரும்பி அவள் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் பாதையைப் பார்த்துத்தான் நின்றான். இப்போது அவளுக்கு முதுகைக் காட்டி, அந்த வெறும் வயலைப் பார்த்து நின்றான். தலைக்கு மேல் எழுத்து வந்தது.

'ஹாஜா, எங்கடா?'

மூன்றாவது வாசகம். பக்கத்து வயலில் ஆள் இல்லாமல் போனால் சொல்ல வேண்டியது. எப்போதோ சிரித்துக்கொண்டே எழுதி வைத்திருப்பான். கிட்டே போனாள், சுற்றிச் சுற்றி வந்தாள். 'அக்கா, சாப்டியா' வரவில்லை. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி. ஹாஜா, எங்கடா? ஹாஜா, எங்கடா? மறுநாளும் அதுதான். அதற்கு மறுநாளும் அதுதான். கரண்ட் போய்த் திரை இருட்டானாலும் அந்த எழுத்து அவள் கண்ணுக்குள் நின்றது. பஸ்ஸில் யாராவது யாரையாவது 'எங்கடா' என்றால் தூக்கிவாரிப் போட்டது.

"தம்பி என்ன சொன்னான்?" என்றாள் ராசம்மாள்.

"சாப்டியான்னு கேட்டான்மா" என்று பொய் சொன்னாள் நீலாம்பாள்.

நாலாம் நாள் தாங்கமுடியாமல், அந்த அம்மாளுக்குத் தனியாக ஒரு வரி எழுதினாள். 'ஹாஜா யார்?'

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'என் மகன். நீங்க நீலாவா?'

சனிக்கிழமை நாகூருக்குப் பஸ் ஏறினாள். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. லத்தீஃபாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தையல் மிஷினும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜையில் இருந்தன. கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். சுவரோரம் கட்டில், விரிப்புச் சுருக்கமில்லாமல்.

"வா புள்ள, உக்காரு. தம்பி ஏன் வரலை? மூணு மாசமாச்சு. எம்மேல கோவமா? போன தடவ வந்தப்ப, சும்மா சும்மா உன்னைத் தொந்தரவு பண்றேனேன்னு சொன்னேன். அதுல வருத்தப்பட்டுச்சோ?"

நீலாம்பாள் சொன்னாள். வரப்பில் நிற்கிறவன் ஹாஜாவைத் தேடுகிறதைச் சொன்னாள், இடி விழுந்ததைச் சொன்னாள். லத்தீஃபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! நான் அந்தப் புள்ளையத் திட்டுனேனே. மறந்துட்டான் பாவின்னு திட்டுனேனே."

ஹாஜா இரண்டு கிட்னியும் பழுதாகிக் கட்டிலோடு கிடந்தவன். வெளியே போகாத பையனுக்கு ஏழூர்தான் ஊர். அங்கே பக்கத்து வயல்காரனாகச் சேர்ந்தவன்தான் அரசப்பன். பிறகு நேரில் வந்தான், மாசம் ஒருமுறை. பத்தொன்பது வயதில் ஹாஜா மௌத்தானான். அவன் வயல் அழியப்போகிறது என்று லத்தீஃபா அழுதபோது, அரசப்பன் பதினைந்து நாள் ராப்பகலாகக் கிடந்து அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தான். அவளுக்காகத்தான் கண்டுபிடித்தான்.

"எனக்கும் சொல்லிக் குடுன்னு கேட்டேன்மா. 'உங்களுக்கு எதுக்கு உம்மா இந்த வேலை, நான் இருக்கேன்ல'ன்னுச்சு. எங்க ஊர்ல தண்ணி வந்தா சத்தம் போட மாட்டோம்னு சொல்லுச்சு. ஆனா பாத்தவன் நேரா நடந்து போயி, கடைசி வயல்காரன்ட்ட மட்டும் முதல்ல சொல்லணுமாம். அவன் வயல் நனைஞ்ச பொறவுதான் மத்தவங்க மடை தொறப்பாங்களாம். 'நீங்கதான் உம்மா என் கடைசி வயல். நான் வரலைன்னா எங்க அக்கா வரும். அதுக்கும் இந்த வழக்கம் தெரியும்'னுச்சு. அக்கா 'மடை'யில இருக்கும், ஆனா அங்க எம்பேரை மட்டும் எழுதிராதீங்கன்னுச்சு. எழுதலை. அக்கா பாக்கும், பாத்தா வரும்னு இருந்தேன்."

நீலாம்பாளால் ஆயிரம் பொய் சொல்லியிருக்க முடியும். ஊரில் இல்லை, பார்க்கவில்லை, நெட் இல்லை. அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே, "பாத்தேன்மா. முதல் நாளே பாத்தேன். பதினோரு நாளும் பாத்தேன்" என்றாள்.

லத்தீஃபா மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள் நீலாம்பாள்.

"உன் தம்பி இப்பவும் எம்புள்ளயக் கூப்புடுறானா?"

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவ."

"எங்க வீட்டுல அவன் பேரைச் சொல்லி இப்ப யாரும் கூப்புடுறதில்ல" என்றாள் லத்தீஃபா. "உன் தம்பியாவது கூப்புடட்டும். அவன் வயலை விட்டுராத. எனக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போ. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா பாக்க ஆள் வேணும்ல."

அங்கேயும் கரண்ட் இல்லை. காகிதத்தில் எழுதித்தான் சொல்லிக் கொடுத்தாள், தம்பி அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே. இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, அவசரமில்லை என்றாள். இந்தத் தடவை நான், அடுத்த தடவை நீங்கள், முறை வைத்துக்கொள்வோம் என்றாள். லத்தீஃபா தலையை ஆட்டினாள். வாசல்வரை வந்தாள், ஆனால் 'போய்ட்டு வா' என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொடுத்தது கத்தி. அந்த அம்மாள் நினைத்தால் பகிரங்கமாக எழுதிப் போடலாம், மூன்றே நாளில் அரசப்பன் அழிந்துபோவான். அப்படிச் செய்தால் தப்பென்று எந்த வாயால் சொல்வது? திருவாரூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனாள். பாய் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், அஞ்சு நிமிஷம்."

"அஞ்சுன்னா அஞ்சு" என்றார் பாய், ஆனால் ஷட்டரை மறுபடி ஏற்றினார்.

4470ஐத் திறந்தாள். அரசப்பன் முதுகைக் காட்டி நின்றான். கீழே சின்ன எழுத்தில் 'கடைசி அறுவடை: இன்று' என்றிருந்தது. கூடவே ஒரு தனிச் செய்தி.

'கரண்ட் வந்ததும் பண்ணிட்டேன். சரியா விழுந்துச்சோ இல்லையோன்னு ரெண்டு தடவ பண்ணினேன். கடைசி நாள் வரைக்கும் நான் விடமாட்டேன் புள்ள.'

நீலாம்பாள் அதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். பாய் மறுபடி ஷட்டரை இறக்கினார்.

வீட்டுக்குப் போனபோது ராசம்மாள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி இன்னைக்கு என்ன சொன்னான்?"

"ஹாஜாங்கற பையனைத் தேடுறான்மா. ஆறு நாளாத் தேடுறான். நான்தான் உன்கிட்ட சொல்லலை."

"யாருடி அது?"

"அவனோட கடைசி வயலும்மா."

ராசம்மாளுக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, ஏழூரும் தெரியாது. ஆனால் அறுபது வருஷமாகக் கடைமடையில் இருப்பவள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி வந்ததை அவங்களுக்கு நீ போயிச் சொன்னியா, இல்லையா?"

"சொல்லலைம்மா" என்றாள் நீலாம்பாள்.